வெளிச்சுவர் கழுவி பெயிண்ட் அடிக்க எந்த ஏணி வாங்கலாம்? அப்பாவே ஏறுவேன் என்கிறார்

கோட்டாறு மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் வீடு, கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அதற்கு மேல் மொட்டை மாடி. எங்கள் ஊரில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, இரண்டும் சேர்ந்து வடக்குச் சுவர் முழுக்கப் பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. தை மாதம் தங்கை கல்யாணம். அதற்குள் வெளிப்பக்கம் முழுக்கக் கழுவி, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்துவிட வேண்டும்.

பெயிண்டர் கேட்ட தொகையைக் கேட்டதும் அப்பா "நானே அடிக்கிறேன், ஏணி மட்டும் வாங்கிக் கொடு" என்று சொல்லிவிட்டார். அவருக்கு 63 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் சும்மா இருக்க மாட்டார், எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்கு அவர்தான் வருஷா வருஷம் வெள்ளையடிப்பார். வீட்டில் அந்தக் காலத்து மூங்கில் ஏணி ஒன்று 15 அடியில் கிடக்கிறது. அது போதும் என்கிறார். எனக்கு மனசே ஒப்பவில்லை, அதனால் ஆன்லைனில் அலுமினியம் ஏணி பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழாய் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போகும் டெலஸ்கோப் ஏணி, நீட்டி மடக்கும் எக்ஸ்டென்ஷன் ஏணி, கால்களை விரித்து நிறுத்தும் ஏ டைப் ஏணி என்று என்னென்னவோ வருகிறது. எதை வாங்கினால் அப்பா பத்திரமாக இருப்பார்? வீட்டின் இரண்டு பக்கமும் குறுகிய சந்து, முன்பக்கம் ரோடு, ரோட்டோரம் கரண்ட் கம்பி போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்பு வாளி:

மதுரையில் 26 வருஷமாகப் பெயிண்டிங் வேலை செய்கிறேன் தங்கச்சி. ஏணி வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்துச் சந்தின் அகலத்தை அளந்து சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். சுவரில் சாய்க்கிற ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு. ஏணி சுவரில் எந்த உயரத்தில் படுகிறதோ, அதில் நான்கில் ஒரு பங்கு தூரம் கால் வெளியே இருக்க வேண்டும். 12 அடி உயரத்தில் சாய்த்தால் 3 அடி, 20 அடியில் சாய்த்தால் 5 அடி. இதைவிடச் செங்குத்தாக வைத்தால் மேலே போனதும் ஏணி ஆளோடு பின்னால் வரும், இதைவிடப் படுக்க வைத்தால் கால் வழுக்கி ஓடும். டேப் இல்லாமல் பார்க்கவும் வழி இருக்கிறது: ஏணியின் கால் முனையில் உங்கள் பாதத்தை ஒட்டி வைத்து நேராக நின்று கையை முன்னால் நீட்டுங்கள், தோள் உயரத்தில் இருக்கிற படியில் உள்ளங்கை படிந்தால் சாய்வு சரி.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். அடித்தளம் 2 அடி, தளத்துக்கு 10 அடி வீதம் 20 அடி, கைப்பிடிச் சுவர் 3 அடி. மொத்தம் 25 அடி. அதன் தலையை எட்ட வேண்டுமென்றால் ஏணி 20 அடியிலாவது சாய வேண்டும், அதற்குக் கீழே 5 அடி இடம் வேண்டும். நம் ஊர்ச் சந்துகளில் 5 அடி எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு முதுகில் இடிக்கும். அப்போது என்ன செய்வார்கள், ஏணியைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைப்பார்கள். நான் பார்த்த விழுகைகளில் முக்கால்வாசி இந்தச் சந்துகளில்தான். ஒருமுறை என்னோடு வேலை செய்த பையன் ஒருவன் இரண்டரை அடிச் சந்தில் 16 அடி ஏணியை நிமிர்த்தி வைத்து ஏறினான், கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கையை நீட்டியதும் ஏணி பின்னால் சாய்ந்து எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டது. எதிர்ச் சுவர் இருந்ததால் அவன் பிழைத்தான். அன்றிலிருந்து சந்து வேலைக்குச் சாரம் இல்லாமல் நான் கை வைப்பதில்லை, வேலை போனாலும் பரவாயில்லை.

மூங்கில் ஏணியைப் பற்றி: மூங்கில் கெட்டதில்லை, புதிதாக, நன்றாக முற்றிய மூங்கிலில் செய்தது நன்றாகவே தாங்கும். ஆனால் வருஷக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடந்த ஏணியை நம்பாதீர்கள். படிக் கம்பை மூங்கிலில் துளை போட்டுச் செருகியிருப்பார்கள் அல்லவா, அந்தத் துளையைச் சுற்றித்தான் முதலில் பிளக்கும், பூச்சியும் அங்கேதான் அரிக்கும். மஞ்சள் மாவு கொட்டியிருந்தால் விறகுக்குப் போட்டுவிடுங்கள். அப்பா அழகுக்காக ஏணிக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் இன்னும் மோசம், பிளவு கண்ணுக்கே தெரியாது.

செங்காங் சாரம்:

சுண்ணாம்பு வாளி அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. நான் சிங்கப்பூரில் எட்டு வருஷம் கட்டட வேலையில் இருந்தேன், கடைசி மூன்று வருஷம் சூப்பர்வைசர். அங்கே உயர வேலைக்குத் தனிச் சட்டமே அமலில் இருக்கிறது, 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் யாரும் தொடங்க முடியாது. 3 மீட்டர் என்பது 10 அடி. உங்கள் கீழ்த்தளத்து கான்கிரீட் கூரைகூட அதற்கு மேலேதான்.

ஏணி என்பது ஏறி இறங்க, சின்ன வேலை செய்ய. அதில் நின்றுகொண்டே நாள் முழுக்க வேலை செய்ய அல்ல. இங்கிலாந்தில் அரசின் பாதுகாப்புத் துறை சொல்லும் அளவு: ஒரே இடத்தில் 30 நிமிடத்துக்கு மேல் ஏணியில் நிற்க வேண்டிய வேலை என்றால் வேறு சாதனம் பாருங்கள், கையில் கொண்டுபோகும் சுமையும் 10 கிலோவுக்குள் இருக்கட்டும். ஒரு பக்கச் சுவருக்குக் கழுவுவது, தேய்ப்பது, பிரைமர், இரண்டு கோட் என்று ஐந்து முறை போக வேண்டும். அப்பா எத்தனை முறை ஏறி இறங்கி ஏணியை நகர்த்துவார் என்று எண்ணிப் பாருங்கள். களைத்துப்போனவர் ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு "இன்னும் ஒரு முழம்தானே" என்று பக்கவாட்டில் எட்டுவார். அந்த ஒரு முழம்தான் ஆளைக் கவிழ்க்கும். வயிற்றில் இருக்கிற பெல்ட் பக்கிள் ஏணியின் இரண்டு நெடுங்கம்புகளுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும், அது வெளியே வந்தால் இறங்கி ஏணியை நகர்த்து என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால், எப்போதும் மூன்று உறுப்பு ஏணியில் பட்டிருக்கணும். வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் அது நடக்காது. கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள், எஸ் கொக்கியில் மாட்டுங்கள்.

இன்னொன்று, கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உயரமான ஏணி ஒரு ஆளோடு சாயத் தொடங்கினால் கீழே இருப்பவரால் நிறுத்த முடியாது, அவர் தலையிலேயே விழும். மேலே கட்டுவதுதான் பிடிமானம். ஜன்னல் கம்பி உறுதியாக இருந்தால் அதில் இரண்டு நெடுங்கம்புகளையும் சேர்த்துக் கட்டலாம். மழைநீர் இறங்கும் பிவிசி குழாயில் கட்டவே கூடாது.

திருப்பூர் குமிழ்:

டெலஸ்கோப் ஏணி வாங்கி நான் பட்டதைச் சொல்கிறேன். வீட்டுக்குள் பல்பு மாற்ற, லாஃப்டில் சாமான் எடுக்க அருமை. வெளி வேலைக்குக் கொண்டுபோனதும் சுவரில் பூசிய புட்டியைத் தேய்த்த தூள் எல்லாம் மூட்டுகளில் இறங்கி, இரண்டு பூட்டு சரியாக விழாமல் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் பூட்டிய மாதிரிதான் தெரியும். நான் மூன்றாவது படியில் கால் வைத்ததும் ஒரு பகுதி சரசரவென்று உள்ளே இறங்கியது, விரல் நசுங்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். அதற்கப்புறம் ஒவ்வொரு படியிலும் கிளிக் சத்தம் கேட்டு, இரண்டு பக்கப் பூட்டையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். பெயிண்ட் வேலைக்கு வேண்டாம்.

லைன்மேன் தாத்தா:

மின்வாரியத்தில் 34 ஆண்டு லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் "கரண்ட் கம்பி போகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் உறைத்தது.

முதலில் அது எந்தக் கம்பி என்று பாருங்கள். கம்பத்தில் மேலே மூன்று கம்பி பெரிய பீங்கான் இன்சுலேட்டரில் போனால் அது 11 கேவி, பதினோராயிரம் வோல்ட். கீழே நான்கைந்து கம்பி சின்ன இன்சுலேட்டரில் போனால் வீடுகளுக்குப் போகும் 400 வோல்ட் லைன். அதிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரும் ஆபத்துதான், வெயிலில் பல வருஷம் காய்ந்த வயரின் மேலுறை வெடித்து உள்ளே இருக்கும் செம்போ அலுமினியமோ வெளியே வந்திருக்கும், நம் கண்ணுக்குக் கீழிருந்து தெரியாது.

விதிப்படி கட்டடச் சுவருக்கும் 11 கேவி கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும், கிட்டத்தட்ட 4 அடி. பல தெருக்களில் அதுவே இருக்காது, பால்கனியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். இருந்தாலும் அது சுவருக்குச் சொன்ன கணக்கு, 20 அடி இரும்பையோ அலுமினியத்தையோ நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதருக்குச் சொன்னதல்ல. ஏணி எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடக்கூடாது, அவ்வளவு தூரம் இருந்தால்தான் அந்தப் பக்கம் ஏணியை நிமிர்த்தவே வேண்டும். 11 கேவியில் தொடக்கூட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே பாயும்.

என் பணிக்காலத்தில் நான் போய்ப் பார்த்த விபத்துகளில் ஆள் ஏணியின் மேல் இருந்தது குறைவு. ஏணியை நிமிர்த்தியபடியே இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தபோது நடந்ததுதான் அதிகம். அவர்கள் கண் தரையில் இருக்கும், ஏணியின் தலை கம்பியில் இருக்கும். ஆகவே நகர்த்தும்போது ஏணியைப் படுக்கவைத்துத் தூக்குங்கள், ஒவ்வொரு முறையும். பெயிண்ட் ரோலரின் நீள அலுமினியக் கம்பும் அதே ஆபத்துதான், அதை மறந்துவிடுவார்கள்.

மூங்கில் என்றால் கரண்ட் பாயாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஈர மூங்கில் நன்றாகவே கடத்தும், நீங்களோ சுவர் கழுவப் போகிறீர்கள். கம்பிப் பக்கம் ஏணி தேவை என்றால் ஃபைபர் ஏணி, எஃப்ஆர்பி என்று கேட்டால் தருவார்கள். அதுவும் காய்ந்து சுத்தமாக இருந்தால்தான் காக்கும். முன்பக்கச் சுவருக்கு உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்து, வேலை நடக்கும் நேரத்துக்கு லைனை நிறுத்தித் தரமுடியுமா என்று கேளுங்கள். லைன் நிறுத்தியாகிவிட்டது என்று அவர்கள் ஆள் வந்து சொன்ன பிறகே வேலை. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் தெருக் கம்பி அணையாது அம்மா, இதை அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

வார்டு நர்ஸ்:

எலும்பு வார்டில் இருக்கிறேன். பிரஷர் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வந்தேன். சில பிரஷர் மாத்திரைகளுக்குச் சட்டென்று எழுந்தால், வெயிலில் வியர்த்தால் தலை சுற்றும். தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டே வேலை செய்தாலும் வயதானவர்களுக்குக் கிறுகிறுக்கும். தரையில் என்றால் உட்கார்ந்துவிடலாம், ஏணியில் எங்கே உட்காருவது?

எட்டு அடி உயரம் என்பதைச் சின்ன உயரம் என்று நினைக்காதீர்கள். நேராகக் காலில் விழுந்து குதிகால் உடைந்து வருகிறவர்களுக்கு முதுகெலும்பையும் படம் எடுத்துப் பார்ப்போம், அதிர்ச்சி மேலே ஏறி அங்கேயும் உடைத்திருக்கும். யாராவது விழுந்தால், தயவுசெய்து, தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே இருக்கவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

கோட்டாறு மகள்:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். அளந்துவிட்டேன். கிழக்குச் சந்து மூன்றரை அடி, மேற்குச் சந்து 3 அடிக்கும் குறைவு. பின்பக்கம் 12 அடி மண் தரை. முன்பக்கம் தாத்தா சொன்ன மாதிரி மேலே மூன்று கம்பி போகிறது, பால்கனியிலிருந்து ஏழு, எட்டு அடி இருக்கும் என்று நினைக்கிறேன், பக்கத்தில் போய் அளக்கவில்லை.

மூங்கில் ஏணியைத் திருப்பிப் பார்த்தோம். நான்காவது படியின் துளையில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு. அப்பா எதுவும் பேசவில்லை, அவரே ரம்பம் எடுத்து அறுத்துவிட்டார். ஆனால் இப்போது புதுசாக ஒன்று சொல்கிறார்: மாடி ஜன்னல் வழியாக இறங்கி சன்ஷேடில் நின்று அடிக்கிறாராம், இடுப்பில் கயிறு கட்டி மேலே கைப்பிடிச் சுவரில் கட்டிக்கொள்வாராம். அண்ணா, இதற்கு என்ன பதில் சொல்வது?

சுண்ணாம்பு வாளி:

வேண்டாம் என்று காலைப் பிடித்தாவது சொல்லுங்கள். சன்ஷேட் என்பது சுவரிலிருந்து இரண்டு அடி நீட்டிய மெல்லிய கான்கிரீட், மழையையும் வெயிலையும் தடுக்கப் போட்டது. உள்ளே கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், போட்டவர் மிதித்துக் கீழே இறக்கிவிட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் ஊர் ஈரத்தில் கம்பி துருப்பிடித்திருக்கும். அதன் மேல் நிற்கவும் கூடாது, ஏணியை நிறுத்தவும் கூடாது. பாசி பிடித்த சன்ஷேட் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், அது தனி. கைப்பிடிச் சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர், ஒரு ஆள் விழுகிற இழுப்பைத் தாங்காது, சுவரும் சேர்ந்து அவர்மேல் வரும். கயிறு கட்டுவதானால் மாடிப்படி அறையின் தூணில்தான் கட்டணும், அதுவும் இடுப்புக் கயிறு இல்லை, தோள், தொடை எல்லாம் சேர்த்து மாட்டும் முழு ஹார்னஸ். இடுப்பில் மட்டும் கயிறு கட்டி விழுந்தால் அந்தக் கயிறே முதுகையும் வயிற்றையும் முறித்துவிடும்.

இப்போது உங்கள் அளவுக்கு வருகிறேன். மூன்றரை அடிச் சந்தில் ஏணி 14 அடிக்கு மேல் சாயக் கூடாது. மேல் மூன்று படியில் நிற்கக்கூடாது என்பதால் கால் 10 அடியில்தான் இருக்கும், கை 15, 16 அடி எட்டும். மேல்தளத்துக்கு அது பத்தாது. மற்றச் சந்தில் இன்னும் குறைவு. எந்தக் கம்பெனி ஏணி வாங்கினாலும் இதுதான் கதி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சந்து அகலமாகாது. ஆகவே இரண்டு சந்துக்கும் சாரம், முன்பக்க மேல்தளத்துக்கும் சாரம். சாரமும் கம்பியிலிருந்து தள்ளித்தான் நிற்க வேண்டும், தாத்தா சொன்ன அனுமதி வாங்கிய பிறகு. மேல்தளத்தை மட்டும் ஆள் வைத்து அடித்துக்கொள்ளுங்கள், மொத்த வேலையையும் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

கீழ்த்தளம் முழுக்க அப்பாவுக்கு. 12 அடி உயரத்துக்கு ஏணியே வேண்டாம். எட்டடிக் கம்பில் ரோலரை மாட்டினால் தரையில் நின்றே எட்டும். ரோலர் போகாத சன்ஷேட் அடி, ஜன்னல் ஓரம், இதற்கு மட்டும் ஆறடி ஏ டைப் ஏணி, படி அகலமாக, மேலே நிற்கத் தட்டு, பிடிக்கக் கம்பி உள்ளதாக ஒன்று வாங்குங்கள். ஏணியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள், 150 என்று போட்டிருந்தால் நல்லது, அதில் ஆள், வாளி, கருவி எல்லாம் சேர்த்திதான். 20 லிட்டர் பெயிண்ட் வாளியே 25 கிலோவுக்கு மேல் கனக்கும், அதைத் தரையிலேயே வைத்துவிட்டு மூன்று லிட்டர் அளவுக்குச் சின்ன வாளியில் ஊற்றிக்கொள்ளட்டும். ஏணியை முழுக்க விரித்து, நடுத் தாழ் இறங்கிவிட்டதா பார்த்துவிட்டு ஏற வேண்டும். மடக்கியபடி சுவரில் சாய்த்து ஏறுகிறார்கள், அதற்குச் செய்ததல்ல அது. பின்பக்கம் மண் தரை என்றீர்கள், மழைக்குப் பின் ஒரு கால் இறங்கும், அகலப் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். ஒரு காலுக்கு மட்டும் செங்கல் முட்டுக் கொடுப்பது கூடவே கூடாது. ஹவாய் செருப்பு போட்டு ஏற வேண்டாம், பின்னால் பட்டை உள்ள ஷூ.

கழுவுவதற்கு ஏணியில் நின்று பிரஷர் வாஷர் அடிப்பவர்களைப் பார்க்கிறேன். டிரிகரை அழுத்தியதும் அது பின்னால் தள்ளும், அந்த உதை போதும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே நின்றபடி மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு, கீழிருந்து நீளக் கம்பில் பிரஷ் மாட்டித் தேயுங்கள். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் தடவி அரை மணி விட்டுக் கழுவலாம், கண்ணாடி போட்டுக்கொண்டு. அதோடு ஆசிட் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர்.

கோட்டாறு மகள்:

அண்ணா, இன்று காலை பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தேன், வந்து பார்த்துவிட்டு நாள் சொல்வதாகச் சொன்னார்கள். சாரம் கட்டுபவர் நாளை அளவெடுக்க வருகிறார். அப்பாவிடம் நர்ஸ் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். கீழ்த்தளம் முழுக்கத் தன் கணக்கு, அதில் வேறு யாரும் பிரஷ் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ரோலர் கம்பும் ஆறடி ஏணியும் வாங்கியாயிற்று. சாரம் கட்டும்போது நான் என்ன பார்க்க வேண்டும்?

சுண்ணாம்பு வாளி:

அடியில் ஒவ்வொரு காலுக்கும் பலகை வைத்திருக்கிறார்களா பாருங்கள், வெறும் மண்ணில் குத்தி நிறுத்தக் கூடாது. நிற்கிற பலகை இரண்டு பக்கமும் கட்டியிருக்க வேண்டும், ஆட்டினால் நகரக் கூடாது. இடுப்பு உயரத்தில் குறுக்குக் கம்பு கேளுங்கள், கேட்டால்தான் கட்டுவார்கள். சாரத்தை ஜன்னல் கம்பியோடு அங்கங்கே கட்டியிருக்க வேண்டும். அப்புறம் கல்யாண வீடு, சின்னப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் சாரத்தில் ஏறுகிற ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், அப்பாவிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.